வழிகாட்டியுடன் காட்டுலாவும் மலையேற்றமும்

வழிகாட்டியுடன் காட்டுலா என்பது, காட்டு விலங்குகளை அவற்றின் இயல்பான வாழிடத்திலேயே பார்ப்பதற்காக, பயிற்சி பெற்ற ஒருவரின் துணையுடன் வாகனத்திலோ நடந்தோ மேற்கொள்ளும் பயணம் ஆகும். இதனுடன் ஒருநாள் மலையேற்றத்தையும் சேர்த்துச் செல்வது ஆப்பிரிக்க நாடுகளில் வழக்கமாக உள்ளது. தமிழ்நாட்டிலும் முதுமலை, ஆனைமலை போன்ற புலிகள் காப்பகங்களிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பல பாதைகளிலும் இவ்வாறு செல்ல முடியும். இத்தகைய பயணங்களில் வழிகாட்டி என்பவர் வெறும் வழி சொல்பவர் அல்லர். பயணிகளின் உயிருக்கும் காட்டின் அமைதிக்கும் அவரே பொறுப்பாளர். 2018-ஆம் ஆண்டு தேனி மாவட்டம் குரங்கணியில் நிகழ்ந்த காட்டுத்தீ இதைத் தமிழ்நாட்டுக்குக் கசப்பான முறையில் உணர்த்தியது.

சொல்லும் பொருளும்

'சஃபாரி' என்னும் சொல்லுக்குச் சுவாகிலி மொழியில் 'பயணம்' என்று பொருள். பயணத்தைக் குறிக்கும் 'சஃபர்' என்ற அரபுச் சொல்லிலிருந்து இது பிறந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் வணிகக் கூட்டங்களின் நெடும்பயணத்தைக் குறித்த இச்சொல், பின்னர் ஐரோப்பியரின் வேட்டைப் பயணத்தையும், இன்று விலங்குகளைக் காணும் சுற்றுலாவையும் குறிக்கிறது. தமிழில் இதனைக் காட்டுலா, கானுலா என்று எழுதுகின்றனர். பேச்சு வழக்கில் 'சஃபாரி', 'வேன் சவாரி' என்ற சொற்களே மிகுதி.

பழந்தமிழ் இலக்கியத்தில் மலைவழி

மலைநாட்டில் செல்வோருக்கு வழி சொல்லும் மரபு தமிழுக்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம், 583 அடிகளைக் கொண்டது. கூத்தராற்றுப்படை என்றும் இதற்குப் பெயர் உண்டு. நன்னன் என்னும் தலைவனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், எதிரே வரும் கூத்தர்களுக்கு மலைவழியின் இயல்பை எடுத்துரைப்பதாக இப்பாடல் அமைந்துள்ளது. காட்டுப்பன்றிக்கு வைத்த பொறிகள், பாம்புகள் உறையும் குழிகள், தினைப்புனக் காவலர் யானைகளை விரட்ட எறியும் கவண்கற்கள், வழுக்கும் பாறைகள் ஆகியவற்றை அவன் எச்சரிக்கிறான். எங்கே தங்கலாம், யாரிடம் உணவு கிடைக்கும் என்பதையும் கூறுகிறான். முன்பு அவ்வழி சென்று அறிந்தவன், அறியாதவனுக்குச் சொல்ல வேண்டும் என்பதே இதன் அடிப்படை. இன்றைய வழிகாட்டியின் பணியும் இதுவே.

வேட்டையிலிருந்து காட்சிக்கு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டுப் பயணம் என்றால் வேட்டை என்றே பொருள். அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசவெல்ட் 1909-இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு மேற்கொண்ட பயணத்தில், அவரும் அவருடைய மகனும் மட்டும் 500-க்கும் மேற்பட்ட விலங்குகளைச் சுட்டனர். இந்தியாவிலும் மன்னர்களும் ஆங்கில அதிகாரிகளும் புலி வேட்டையைப் பெருமையாகக் கருதினர். அக்காலத்திலும் துப்பாக்கி ஏந்தியவர்களுக்கு முன்னால் நடந்து, காலடித் தடம் பார்த்துச் சொன்னவர்கள் உள்ளூர்ப் பழங்குடியினரே.

இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டது. புலிகள் பாதுகாப்புத் திட்டம் 1973-இல் தொடங்கியது. சட்டத்தின் 27, 28-ஆம் பிரிவுகளின்படி, ஒரு சரணாலயத்துக்குள் பொதுமக்கள் தம் விருப்பப்படி நுழைய முடியாது. ஆய்வு, ஒளிப்படம் எடுத்தல், சுற்றுலா போன்ற காரணங்களுக்காக முன் அனுமதி பெற வேண்டும். 2012 சூலையில் உச்ச நீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகளில் சுற்றுலாவை இடைக்காலமாக நிறுத்தியது. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டபின், அதே ஆண்டு அக்டோபரில் தடை விலக்கப்பட்டது. மையப் பகுதியில் 20 விழுக்காட்டுக்கு மேல் சுற்றுலாவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது அந்நெறிகளுள் ஒன்று.

ஆப்பிரிக்கப் பயணமும் தமிழ்நாட்டுப் பயணமும்

தான்சானியாவின் செரங்கெட்டி தேசியப் பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 14,763 சதுர கிலோமீட்டர். அது பெரும்பாலும் திறந்த புல்வெளி. அங்கு ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட காட்டுமான் வகை விலங்குகள் (வில்டபீஸ்ட்) மழையைத் தொடர்ந்து இடம்பெயர்கின்றன. வாகனத்தில் இருந்தபடியே தொலைவில் நிற்கும் சிங்கத்தைப் பார்க்க முடியும். அந்நாட்டிலுள்ள கிளிமஞ்சாரோ மலை 5,895 மீட்டர் உயரமுடையது. அதன் உச்சியை அடையப் பல நாள்கள் ஆகும். ஆனால் 1,879 மீட்டர் உயரத்தில் உள்ள மராங்கு வாயிலிலிருந்து 2,720 மீட்டர் உயரத்தில் உள்ள மந்தாரா குடில் வரை மழைக்காட்டு வழியே சென்று ஒரே நாளில் திரும்பலாம். கிளிமஞ்சாரோவில் வழிகாட்டியின்றி ஏற அனுமதி இல்லை. அரூசா தேசியப் பூங்காவில் நடந்து செல்வோருடன் துப்பாக்கி ஏந்திய காவலர் உடன் வருவார்.

தமிழ்நாட்டுக் காடுகளின் இயல்பு வேறு. இங்குள்ளவை புதர்க்காடு, இலையுதிர் காடு, சோலைக்காடு, மலைப்புல்வெளி ஆகியவை. இருபது அடி தொலைவில் மூங்கிற் புதருக்குள் நிற்கும் யானைகூடக் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். எனவே ஆப்பிரிக்கப் புல்வெளியில் கண்ணுக்கு வேலை அதிகம் என்றால், இங்கு காதுக்கும் மூக்குக்கும் வேலை அதிகம். விலங்கைக் காணாமல் திரும்புவதும் இங்கு இயல்பானதே.

முதுமலையில் காட்டுலா

நீலகிரி மாவட்டத்தில் உள்ள முதுமலை, 1940-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2007-இல் புலிகள் காப்பகமானது. மையப் பகுதி 321 சதுர கிலோமீட்டர். வெளிவட்டப் பகுதியையும் சேர்த்து மொத்தப் பரப்பு ஏறத்தாழ 688 சதுர கிலோமீட்டர். கருநாடகத்தின் பந்திப்பூர், கேரளத்தின் வயநாடு ஆகிய காடுகள் இதனை ஒட்டியுள்ளன. மாயாறு இக்காப்பகத்தின் முதன்மையான ஆறு.

தெப்பக்காட்டிலிருந்து வனத்துறையின் வாகனங்கள் காலையிலும் மாலையிலும் பயணிகளை அழைத்துச் செல்கின்றன. வெயில் ஏறிய நேரத்தில் பெரும்பாலான விலங்குகள் நிழலில் ஒதுங்கிவிடும் என்பதால் இவ்விரு வேளைகளே ஏற்றவை. வாகனத்தை விட்டு இறங்குதல், உணவு வீசுதல், ஒலி எழுப்புதல் ஆகியவை கூடாது. புள்ளிமான், காட்டெருமை, யானை, மயில், மந்தி ஆகியவற்றைக் காணும் வாய்ப்பு மிகுதி. புலி, சிறுத்தை, செந்நாய் ஆகியவற்றைக் காண்பது அரிது.

தெப்பக்காடு யானைகள் முகாம் நெடுங்காலமாக இயங்கி வருகிறது. இங்கு தாயைப் பிரிந்த யானைக்குட்டிகளை வளர்த்த பழங்குடித் தம்பதியரைப் பற்றிய ஆவணக் குறும்படம் 2023-இல் ஆஸ்கர் விருது பெற்றது.

வழிகாட்டி அறிபவை

முதுமலைப் பகுதியில் குறும்பர், இருளர், பணியர் முதலிய சமூகத்தினரும், ஆனைமலைப் பகுதியில் காடர், மலசர், முதுவர் முதலியோரும், பொதிகை மலைப் பகுதியில் காணிக்காரர்களும் வாழ்கின்றனர். வேட்டைத் தடுப்புக் காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் இவர்களுள் பலர் பணிபுரிகின்றனர். அவர்கள் காட்டைப் படிக்கும் முறைகளுள் சில:

எச்சரிக்கைக் குரல்: புள்ளிமான் கூர்மையாகக் கத்தினாலோ மந்தி கிளையில் அமர்ந்து இடைவிடாமல் இருமுவது போல ஒலித்தாலோ, அருகில் புலியோ சிறுத்தையோ நகர்கிறது என்று பொருள்.

தடமும் எச்சமும்: யானை இலத்தியின் ஈரமும் சூடும் அது சென்று எவ்வளவு நேரமாயிற்று என்பதைக் காட்டும். தடத்தின் மேல் பனியோ தூசியோ படிந்திருந்தால் அது பழையது.

முறியும் ஓசை: மூங்கில் முறியும் ஓசை யானை மேய்வதைக் காட்டும். அவ்வோசை திடீரென நின்றுவிட்டால், யானை மனிதரை உணர்ந்துவிட்டது என்று கொள்ள வேண்டும்.

காற்றின் திசை: சிறிது மண்ணைத் தூவிப் பார்த்து, காற்று எப்பக்கம் வீசுகிறது என அறிந்து நடப்பர். மனித வாடை தமக்கு முன்னே சென்றால் விலங்கு விலகும், அல்லது சினங்கொள்ளும்.

இந்த அறிவின் மதிப்பை 2021-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று காட்டியது. கூடலூர், மசினகுடிப் பகுதிகளில் மனிதர்களைத் தாக்கியதாகக் கருதப்பட்ட 'டி-23' என்னும் புலியைக் கொல்லாமல் உயிருடன் பிடிக்க முயற்சி நடந்தது. கண்காணிப்புக் கருவிகள், பழக்கப்பட்ட யானைகள் ஆகியவற்றோடு பழங்குடித் தடமறிவோரும் ஈடுபடுத்தப்பட்டனர். மூன்று வாரத் தேடலுக்குப்பின் அக்டோபர் 15 அன்று புலி உயிருடன் பிடிக்கப்பட்டது.

குரங்கணிக் காட்டுத்தீ

குரங்கணி, தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ள சிற்றூர். இங்கிருந்து கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் மலைப்பாதைகள் செல்கின்றன. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் வந்திருந்த மலையேற்றக் குழுவினர் கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது பிற்பகலில் காட்டுத்தீயில் சிக்கினர். சரிவெங்கும் ஆளுயரப் புல் காய்ந்து நின்றது. தீயைக் கண்டு சிதறி ஓடியவர்களுள் சிலர் பள்ளங்களில் விழுந்தனர். முதலில் உதவிக்கு ஓடியவர்கள் உள்ளூர் மக்களே. பிறகு வனத்துறை, தீயணைப்புத் துறை, விமானப்படை ஆகியவை மீட்பில் ஈடுபட்டன. முதலில் 9 பேர் இறந்ததாக அறிவிக்கப்பட்டது. தீக்காயங்களுடன் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்களும் அடுத்தடுத்து இறக்க, உயிரிழப்பு 23 ஆனது. இறந்தவர்களுள் பெரும்பாலோர் இளைஞர்கள்.

மலைத்தீயின் தன்மையை அறிந்தால் இந்நிகழ்ச்சியின் கொடுமை விளங்கும். சமதளத்தில் பரவும் தீயைவிடச் சரிவில் மேல்நோக்கிப் பரவும் தீ பன்மடங்கு வேகமானது. சுவாலை மேற்பக்கம் சாய்வதால், மேலே உள்ள புல் எரியும் முன்பே சூடேறிக் காய்ந்துவிடுகிறது. பகல் வேளையில் மலைச்சரிவில் காற்றும் கீழிருந்து மேலே வீசும். சரிவு கூடக்கூடத் தீயின் வேகமும் கூடும். ஆகவே தீக்கு மேலே இருப்பவர், மேல்நோக்கி ஓடித் தப்ப முயல்வது பெரும்பாலும் பயன் தராது. ஏற்கெனவே எரிந்து முடிந்த பகுதி, புல்லற்ற பாறைப்பரப்பு, ஈரமான ஓடை ஆகியவையே புகலிடங்கள். அவை எங்கே உள்ளன என்பதைத் தீயைக் கண்ட பிறகு தேட நேரமிருக்காது. அப்பகுதியை முன்பே அறிந்தவர் ஒருவர் உடனிருந்தால் மட்டுமே அது கைகொடுக்கும்.

விதிகளும் புதிய திட்டமும்

குரங்கணி நிகழ்ச்சிக்குப்பின் அரசு விசாரணை நடத்தியது. அதே ஆண்டில் வனப்பகுதி மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. பாதைகளை எளியவை, நடுத்தரமானவை, கடினமானவை என வகைப்படுத்துவதும், அனுமதியின்றிச் செல்வதைத் தடுப்பதும் இவற்றின் நோக்கம்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள் இதில் சேர்க்கப்பட்டன. இணையவழியில் முன்பதிவு செய்தல் வேண்டும். பழங்குடியினர், வனத்தை ஒட்டிய ஊர்களைச் சேர்ந்தோர் ஆகியோருள் இளைஞர்களுக்குப் பயிற்சியளித்து வழிகாட்டிகளாக அமர்த்தியிருப்பது இதன் சிறப்பு. கோத்தகிரி அருகே உள்ள லாங்வுட் சோலை, பழைய கற்கால எச்சங்களுக்குப் பெயர்பெற்ற திருவள்ளூர் மாவட்டக் குடியம் குகைகள், டாப்சிலிப்–பண்டாரவரை, குற்றாலம் செண்பகாதேவி அருவி, குரங்கணி–சாம்பலாறு ஆகியவை இப்பாதைகளுள் சில. காட்டுத்தீ அபாயம் மிகுந்த கோடைத் தொடக்கத்தில் மலையேற்றம் நிறுத்தி வைக்கப்படுகிறது. 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை இவ்வாறு நிறுத்தப்பட்டது. மார்ச் மாத நடுவில் நிகழ்ந்த குரங்கணித் தீயை நினைத்தால் இந்தக் காலவரையறையின் காரணம் புரியும்.

உயர்மலைப் புல்வெளிப் பாதைகளில் தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டைக் காணும் வாய்ப்பு உண்டு. சங்க இலக்கியம் இதனை 'வருடை' என்கிறது. 2024-இல் நடந்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. மனிதர் நெருங்கினால் இவை செங்குத்தான பாறைகளுக்கு ஓடும். அவ்வேளையில் குட்டிகள் பிரிந்துவிடக்கூடும் என்பதால் தொலைவிலிருந்தே பார்க்க வேண்டும்.

விலங்கு எதிர்ப்பட்டால்

யானை: மனிதனைவிட வேகமாக ஓடக்கூடியது. காதை விரித்து அசையாமல் நின்றாலோ, துதிக்கையை உயர்த்தி மோப்பம் பிடித்தாலோ, தலையை ஆட்டி மண்ணை உதைத்தாலோ, அது எச்சரிக்கிறது என்று பொருள். கூச்சலிடாமல், வழிகாட்டி காட்டும் திசையில் பின்வாங்க வேண்டும். யானைக்குட்டிக்கும் அதன் தாய்க்கும் இடையில் செல்லவே கூடாது.

கரடி: இதற்குப் பார்வை மந்தம். எதிர்பாராமல் மிக அருகில் மனிதரைக் கண்டால் அஞ்சித் தாக்கும். புதர் மண்டிய திருப்பங்களில் வழிகாட்டிகள் மெல்லக் குரல் கொடுத்துக்கொண்டு செல்வது இதற்காகவே.

சிறுத்தை, புலி: முதுகைக் காட்டி ஓடுதலும் குனிந்து உட்காருதலும் கூடாது. நிமிர்ந்து நின்று, அதன்மேல் கண் வைத்தபடி மெல்லப் பின்னே நகர வேண்டும்.

பாம்பு: கடித்தால் வெட்டுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் ஆகியவை கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து விரைவாக அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

முன்னேற்பாடு

ஒருநாள் மலையேற்றத்துக்குக் குறைந்தது இரண்டு லிட்டர் குடிநீர், எளிய உணவு, தொப்பி, மழையுடை, பிடிப்புள்ள காலணி, கைவிளக்கு, வழக்கமாக உண்ணும் மருந்துகள் ஆகியவை தேவை. காட்டோடு கலக்கும் பச்சை, பழுப்பு நிறப் பருத்தி உடைகள் ஏற்றவை. வாசனைப் பூச்சுகளைத் தவிர்க்க வேண்டும். மழைக்காலத்தில் அட்டை ஏறும். அதனைப் பிய்த்து எடுக்காமல் உப்புத் தடவினால் தானே விழும். வீடு திரும்பிய இரண்டு வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், காட்டுக்குச் சென்றதை மருத்துவரிடம் கூற வேண்டும். சிற்றுண்ணிகளின் இளம்புழுக்களால் பரவும் 'ஸ்க்ரப் டைஃபஸ்' காய்ச்சல் தமிழ்நாட்டில் உண்டு. விரைவில் கண்டறிந்தால் எளிதில் குணமாகும்.

இதய நோய், மூச்சுத் திணறல் உள்ளவர்கள் மருத்துவரின் ஆலோசனை பெறாமல் ஏறக் கூடாது. கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஏழு மலைகளைக் கடந்து செல்லும் வெள்ளியங்கிரிப் பயணத்தில் இக்காரணங்களால் உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. குழுவில் மெதுவாக நடப்பவரின் வேகமே அனைவரின் வேகமாக இருக்க வேண்டும். உச்சியை அடையாவிட்டாலும் குறித்த நேரத்தில் திரும்பத் தொடங்குவது நல்ல வழிகாட்டியின் அடையாளம்.

சுற்றுலாவின் சுமை

காட்டுலா, காட்டுக்கு நன்மையும் செய்யும், தீமையும் செய்யும். ருவாண்டாவில் மலைக் கொரில்லாக்களைக் காணச் செல்லும் குழுவில் 8 பேருக்கு மேல் அனுமதியில்லை. விலங்குகளுடன் செலவிடும் நேரம் ஒரு மணி மட்டுமே. கட்டணத்தின் ஒரு பங்கு சுற்றியுள்ள ஊர்களுக்குச் செல்கிறது. வேட்டையாடி வந்த சிலர் இன்று சுமை தூக்குவோராகவும் வழித்துணையாகவும் வாழ்கின்றனர்.

இதற்கு மாறான நிலை மசினகுடிப் பகுதியில் காணப்பட்டது. யானைகளின் வலசைப் பாதையில் விடுதிகள் பெருகியதால் வழக்கு எழுந்தது. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் வழித்தடத்துக்கு ஆதரவாக அளித்த தீர்ப்பை, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2021 சனவரியில், அப்பகுதியில் விடுதி ஒன்றின் அருகே வந்த ஆண் யானைமீது எரியும் பொருள் வீசப்பட்டதில், தீக்காயமடைந்த அந்த யானை இறந்தது. அனுமதியற்ற விடுதியில் தங்குவதும், இரவில் தனியார் வாகனத்தில் விலங்கு தேடிச் செல்வதும் இத்தகைய சூழலை வளர்க்கும்.

இலுப்பூர்ப் பகுதியிலிருந்து

புதுக்கோட்டை மாவட்டத்தின் மேற்கே உள்ள இலுப்பூர் வட்டாரம் வறண்ட நிலமும் கரட்டுக் குன்றுகளும் கொண்டது. பெருங்காடுகள் இல்லையெனினும் தொடக்கப் பயிற்சிக்கு ஏற்ற இடங்கள் அருகிலேயே உள்ளன. விராலிமலை மயில்களுக்குப் பெயர்பெற்றது. நார்த்தாமலையில் மேலமலை உள்ளிட்ட பாறைக்குன்றுகள் ஒன்பது உள்ளன. மேலமலையில் விசயாலய சோழீசுவரம் அமைந்துள்ளது. வெறும் பாறையில் ஏறி இறங்கும் பழக்கம், வெயிலில் நீரைப் பங்கிட்டுக் குடிக்கும் பழக்கம் ஆகியவற்றை மாணவர்கள் இங்கேயே பெறலாம். வெயில் ஏறுமுன் முடித்துக்கொள்வது நல்லது.

விராலிமலை, மணப்பாறை வழியாகச் சென்றால் கடவூர் மலைப்பகுதியை அடையலாம். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் பரவியுள்ள இக்காடுகளில் 11,806 எக்டேர் பரப்பு, 2022 அக்டோபரில் தேவாங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் தேவாங்குக்கென அமைந்த முதல் சரணாலயம் இது. தேவாங்கு இரவில் இயங்கும் சிறு விலங்கு. பயிர்களைத் தாக்கும் பூச்சிகளை உண்பதால் உழவருக்கும் நண்பன். அதன் கண்கள் வெளிச்சத்தில் கூசும் என்பதால் விளக்கடித்துத் தேடுதல் கூடாது.

முதுமலை, குரங்கணி போன்ற தொலைவிடங்களுக்குச் செல்ல விரும்பும் பள்ளி, கல்லூரிக் குழுக்கள் கீழ்க்கண்டவற்றை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ள வேண்டும்:

பாதை வனத்துறை அனுமதித்த பாதைதானா என்பது.

அனுமதிச் சீட்டில் குறிப்பிட்ட பாதையும் செல்லவிருக்கும் பாதையும் ஒன்றுதானா என்பது.

வழிகாட்டி அப்பகுதியைச் சேர்ந்தவரா, அவருடைய எண்ணிக்கை குழுவின் அளவுக்குப் போதுமா என்பது.

தீப்பருவமோ கனமழை எச்சரிக்கையோ உள்ளதா என்பது.

பங்கேற்போரின் பெயர்ப் பட்டியல், திரும்பும் நேரம் ஆகியவை ஊரில் பொறுப்பான ஒருவரிடம் உள்ளனவா என்பது.

இவற்றுள் ஒன்றுக்கேனும் தெளிவான விடை கிடைக்காவிட்டால், பயணத்தை வேறொரு நாளுக்கு ஒத்திவைப்பதே முறை.